முழுதாகக் கேட்க முதல் ஆல்பம் எது? ஆறு பழைய ஆல்பங்களும் ஒரு சாதாரணக் காதும்

பழைய ஆங்கில ஆல்பம் ஒன்றையாவது ஆதியோடு அந்தமாகக் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. எதில் தொடங்குவது என்று கேட்டால் கையில் கிடைப்பது தரவரிசைப் பட்டியல். அதில் முதலிடத்தில் இருப்பதை எடுத்துப் போடுவார்கள், மூன்றாவது பாட்டில் கவனம் சிதறும், "இதெல்லாம் நமக்கு ஆகாது" என்று பழைய பிளேலிஸ்டுக்கே திரும்பிவிடுவார்கள்.

பட்டியலை நம்பித் தொடங்குவதில் ஒரு கோளாறு இருக்கிறது. அமெரிக்க இசை இதழான ரோலிங் ஸ்டோனின் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் 2003இலும் 2012இலும் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' முதலிடம். 2020இல் அது 24ஆம் இடத்துக்கு இறங்கியது. ஆறாம் இடத்தில் இருந்த மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' உச்சிக்குப் போனது. இடைப்பட்ட காலத்தில் இந்த இரண்டு ஆல்பங்களிலும் ஒரு சுரம்கூட மாறவில்லை. வாக்களித்தவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான். எது இசை வரலாற்றில் முக்கியம் என்பதைத்தான் பட்டியல் சொல்லப் பார்க்கிறது. முதல் தடவை கேட்பவர் காதில் எது ஒட்டும் என்பது வேறு கேள்வி.

அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. நான் இசை படித்தவன் அல்ல. எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. வேலைக்கு நடுவிலும் நடக்கும்போதும் பாட்டு கேட்கிறவன். அந்தக் காதை வைத்து ஆறு ஆல்பங்களை எடைபோட்டிருக்கிறேன்: மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்', ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்', பீட்டில்ஸின் 'அபி ரோடு', மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்', பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்'.

## எதை வைத்துப் பார்க்கிறேன்

நீளத்தை அளவுகோலாக வைக்கவில்லை. ஆறுமே 35 முதல் 47 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஒலி கெடாமல் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் பதிக்க முடியும் என்பதால் வந்த அளவு அது. ஆனால் அந்த இரண்டு பக்கக் கணக்கு முக்கியம். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டும் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டும் யோசித்து வைக்கப்பட்டவை. நடுவில் எழுந்து தட்டைத் திருப்பிப் போடும் இடைவெளி இருக்கும் என்பது கலைஞர்களுக்குத் தெரியும். செயலியில் கேட்கும்போது அந்த மூச்சு வாங்கும் இடம் காணாமல் போகிறது.

முதலில் பார்ப்பது முதல் பத்து நிமிடம். சாதாரணமாகக் கேட்கிறவர் அதற்குள் முடிவெடுத்துவிடுவார். அடுத்து, வரிகள் புரிய வேண்டுமா என்பது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தாலும் பாட்டில் இழுத்துப் பாடும் ஆங்கிலம் முதல் தடவையிலேயே பிடிபடாது. மெட்டும் குரலும் மட்டுமே தாங்கிப் பிடிக்கிற ஆல்பமா, வரி போனால் பாதி போகிற ஆல்பமா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, பாட்டுகள் வரும் வரிசை. அதைக் கலைத்துப் போடும் ஷஃபிளை இயக்கினால் சில ஆல்பங்களுக்கு ஒன்றும் ஆகாது, சில உடைந்துபோகும். நான்காவது எங்கே, எதில் கேட்பது. கடைசியாக, மற்ற எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது, புகழின் சுமை. "உலகமே கொண்டாடுகிறது" என்ற எண்ணத்தோடு போட்டால் எந்தப் பாட்டும் கொஞ்சம் இளைத்துத்தான் கேட்கும்.

| ஆல்பம் | ஆண்டு, நீளம் | முதல் பத்து நிமிடம் | வரிகள் | ஷஃபிள் போட்டால் | ஏற்ற இடம் |
|---|---|---|---|---|---|
| த்ரில்லர் | 1982, சுமார் 42 நிமிடம் | உடனே பிடிக்கும் | தேவையில்லை | நஷ்டமில்லை | எங்கேயும் |
| ரூமர்ஸ் | 1977, சுமார் 40 நிமிடம் | உடனே பிடிக்கும் | தெரிந்தால் இரட்டிப்பு | சிறிய நஷ்டம் | பயணம், வீட்டு வேலை |
| அபி ரோடு | 1969, சுமார் 47 நிமிடம் | நன்றாகத் தொடங்கிப் பிறகு தள்ளாடும் | தேவையில்லை | இரண்டாம் பக்கம் உடையும் | ஹெட்போன் |
| வாட்ஸ் கோயிங் ஆன் | 1971, சுமார் 35 நிமிடம் | இதமாக இழுக்கும் | வேண்டும் | உடையும் | இரவு, அமைதியான அறை |
| டார்க் சைட் | 1973, சுமார் 43 நிமிடம் | பொறுமை கேட்கும் | பாதி தேவை | முழுதாக உடையும் | ஹெட்போன், தனிமை |
| பெட் சவுண்ட்ஸ் | 1966, சுமார் 36 நிமிடம் | பிரியும்: ஒன்று பிடிக்கும், அல்லது இல்லை | ஓரளவு | சிறிய நஷ்டம் | நல்ல ஹெட்போன், பலமுறை |

## த்ரில்லர்: தெரிந்த வழியில் போவது

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது பாட்டுகளில் ஏழு தனிப்பாட்டுகளாக (சிங்கிள்) வெளிவந்து, ஏழுமே அமெரிக்கப் பட்டியலில் முதல் பத்துக்குள் நுழைந்தன. 1984 கிராமி விழாவில் ஜாக்சன் ஒரே இரவில் எட்டு விருது வாங்கினார். உலகிலேயே அதிகம் விற்ற ஆல்பம் இதுதான். தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் ஒவ்வொரு பாட்டையும் வானொலியில் தனியே நிற்கும்படி செதுக்கினார். முதல் பத்து நிமிடத்தில் காது விலகிப் போக வாய்ப்பே கிடையாது.

மறைந்திருக்கும் செலவும் அதுவேதான். ஏற்கெனவே எங்கெங்கோ காதில் விழுந்த பாட்டுகள். 'பில்லி ஜீன்' தொடங்கி அரை நிமிடம் வரை குரலே வராது. டிரம்ஸும் பேஸ் கிதாரும்தான் முன்னால் நிற்கும். அந்த முன்னிசை நீளம் என்று ஜோன்ஸ் குறைக்கச் சொல்லியும், ஆடத் தோன்ற வைப்பதே அதுதான் என்று ஜாக்சன் விட மறுத்ததாகச் சொல்வார்கள். ஜாக்சன் சொன்னது சரி. ஆனால் இப்போது கேட்கும்போது எனக்கு வருவது ஆச்சரியம் அல்ல, பழைய நண்பரைப் பார்த்தது போன்ற தலையசைப்பு.

ஆல்பமாகக் கேட்டதில் எனக்குக் கிடைத்த லாபம் 'ஹியூமன் நேச்சர்'. 'பீட் இட்'டில் எடி வான் ஹேலனின் கிதார் பொறி பறக்கவிட்டு, 'பில்லி ஜீன்' சந்தேகத்தோடு முடிந்தபின், அது வந்து எல்லாவற்றையும் தணிக்கிறது. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியோடு சேர்ந்து பாடிய 'தி கேர்ள் இஸ் மைன்' வந்தால் நான் தள்ளிவிடுவேன். அதைத்தான் முதல் தனிப்பாட்டாக வெளியிட்டார்கள் என்பது இன்றும் விளங்காத புதிர்.

தயாரிப்பு நேர்த்தி பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பவர், பிள்ளைகளோடு சேர்ந்து கேட்க விரும்புபவர் இதை எடுக்கலாம். "ஆல்பம் என்றால் என்ன" என்று உணர விரும்புகிறவர் வேண்டாம். இது அருமையான பாட்டுகளின் தொகுப்பு. ஒன்றை விட்டு ஒன்றைக் கேட்டாலும் குறைவில்லை.

## ரூமர்ஸ்: கேட்க எளிது, தெரிந்தால் கனம்

1977 பிப்ரவரியில் வந்தது. கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் இருந்த ரெக்கார்ட் பிளாண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் தொடங்கிய வேலை. அப்போது குழுவில் இருந்த ஐந்து பேர் வாழ்க்கையும் ஒரே நேரத்தில் குலைந்துகொண்டிருந்தது. ஜான் மெக்வீயும் கிறிஸ்டின் மெக்வீயும் கணவன் மனைவியாக இருந்து பிரிந்திருந்தார்கள். லிண்ட்சி பக்கிங்காமும் ஸ்டீவி நிக்ஸும் காதலர்களாக இருந்து பிரிந்துகொண்டிருந்தார்கள். டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டின் திருமணமும் முறிந்துகொண்டிருந்தது. பேச்சுவார்த்தை அறுந்தவர்கள் பாட்டில் பேசிக்கொண்டார்கள். யாரைத் திட்டிப் பாடினார்களோ அவரே பின்குரல் பாடினார்.

இந்தக் கதை எதுவும் தெரியாமல் கேட்டாலும் ஆல்பம் நன்றாக ஓடும். அதுதான் இதன் பெரிய பலம். மூன்று பேர் மாறி மாறி முன்குரல் பாடுவதால் சலிப்புத் தட்டாது. முதல் பாட்டு மூன்று நிமிடத்துக்குள் முடிந்து, 'ட்ரீம்ஸ்' வந்துவிடும். ஒன்றிரண்டு ஸ்வரக்கூட்டத்தின் (கார்டு) மேல் ஊசலாடும் பாட்டு அது. அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. ஆனாலும் முடியும்போது திரும்பப் போடத் தோன்றும்.

கதை தெரிந்தபின் கேட்டால் வேறு ஆல்பம். 'யூ மேக் லவிங் ஃபன்' கிறிஸ்டின் தன் புதிய காதலரை நினைத்து எழுதியது. அது நாயைப் பற்றிய பாட்டு என்று முன்னாள் கணவரிடம் சொல்லி வைத்தாராம். அந்தப் பாட்டில் பேஸ் கிதார் வாசிப்பது அந்த முன்னாள் கணவர். இது தெரிந்தபிறகு அந்த உற்சாகமான மெட்டை முன்போல் கேட்க முடியவில்லை. கீழே ஓடும் பேஸையே காது தேடுகிறது. 'கோ யுவர் ஓன் வே'யில் பக்கிங்காம் நிக்ஸைக் குத்துகிற வரிகளைப் பாடும்போது, பின்னால் இசைந்து வரும் குரல்களில் நிக்ஸின் குரலும் இருக்கிறது.

ஐந்து பேரும் சேர்ந்து எழுதியதாகப் பதிவான ஒரே பாட்டு 'தி செயின்'. வெவ்வேறு துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்தது. முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் பேஸ் கிதார் தனியாக எழுந்து, பாட்டு புதிதாக ஓடத் தொடங்கும். கார் பந்தய ஒளிபரப்பில் அந்தத் துண்டைக் கேட்டிருந்தவர்களுக்கு, அதன் முன்னால் ஒரு முழுப் பாட்டே இருக்கிறது என்பது இங்கே வரும்போதுதான் தெரியும்.

இதன் செலவு எங்கே? மனத்தில். பிரிவின் நடுவில் இருப்பவர் இதைத் தவிர்ப்பது நல்லது, அல்லது தெரிந்தே எடுப்பது நல்லது. இன்னொன்று, 'ஓ டாடி' மாதிரி ஒன்றிரண்டு பாட்டுகள் எனக்கு இன்றுவரை இடம் நிரப்புபவையாகவே இருக்கின்றன. அதே நேரம் நிக்ஸ் எழுதிய 'சில்வர் ஸ்ப்ரிங்ஸ்' 1977இல் ஆல்பத்தில் இடம்பெறவில்லை. பிந்தைய சில மறுவெளியீடுகளில் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் செயலியில் அது இருந்தால் விடாதீர்கள்.

## அபி ரோடு: இரண்டாம் பக்கத்தில் தொடங்குங்கள்

பீட்டில்ஸ் கடைசியாகச் சேர்ந்து பதிவு செய்த ஆல்பம் இது. 'லெட் இட் பி' 1970இல் வெளிவந்தாலும் அதன் பெரும்பகுதி முன்பே பதிவானது. முன் அட்டையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. நான்கு பேர் சாலையைக் கடக்கும் படம் மட்டும்.

முதல் பக்கம் எனக்கு ஏற்ற இறக்கமானது. 'கம் டுகெதர்' பதுங்கிப் பாயும் பேஸோடு அருமையாகத் தொடங்குகிறது. ஜார்ஜ் ஹாரிசனின் 'சம்திங்' அதற்கு அடுத்து வந்து உயரத்தை இன்னும் ஏற்றுகிறது. அடுத்து 'மேக்ஸ்வெல்ஸ் சில்வர் ஹேமர்'. குழுவில் மெக்கார்ட்னியைத் தவிர மற்றவர்களுக்கே அந்தப் பாட்டு பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. பக்கத்தின் கடைசியில் 'ஐ வான்ட் யூ' ஒரே சுற்றை ஏறக்குறைய எட்டு நிமிடம் திரும்பத் திரும்ப அடித்து, திடீரென்று கத்தியால் வெட்டியது போல் நிற்கும். செயலி பழுதாகிவிட்டதோ என்று கைபேசியைப் பார்க்க வேண்டாம். வெட்டு வேண்டுமென்றே போட்டது.

அதனால் என் யோசனை, இசை அறிந்தவர்கள் திட்டினாலும் பரவாயில்லை: ஏழாவது பாட்டில் தொடங்குங்கள். இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'ஹியர் கம்ஸ் தி சன்' வரும். அதை ஹாரிசன் நண்பர் எரிக் கிளாப்டன் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து எழுதினார். அடுத்து 'பிகாஸ்'. மூன்று பேர் பாடியதை மூன்று தடவை பதிந்து அடுக்கியதால் ஒன்பது குரல் கேட்கும். அதன்பின் முடிவுபெறாத துண்டுப் பாட்டுகளைக் கோத்துச் செய்த சுமார் பதினாறு நிமிடத் தொடர். பெரும்பாலானவை ஒன்றரை, இரண்டு நிமிடம். ஒன்று ரசிக்கத் தொடங்கும்போதே அடுத்தது வந்து தோளில் தட்டும். கடைசியில் ரிங்கோ பீட்டில்ஸ் பதிவுகளிலேயே தன் ஒரே தனி டிரம்ஸ் வாசிப்பை வாசிக்க, மற்ற மூவரும் முறைவைத்துக் கிதாரில் பதில் சொல்லிக்கொள்கிறார்கள்.

கவனம் நிலைக்காதவர்களுக்கு இந்தப் பதினாறு நிமிடம் வரப்பிரசாதம். துண்டு துண்டாகக் கேட்டுப் பழகிய காதுக்கு, துண்டுகள் சேர்ந்து முழுமையாவதைக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் ஷஃபிள் போட்டால் எல்லாம் போயிற்று. தனியாக வந்து விழும் 'மீன் மிஸ்டர் மஸ்டர்ட்' ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாது.

## வாட்ஸ் கோயிங் ஆன்: என் மனத்துக்கு நெருக்கமானது

ஆறில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் எல்லோருக்கும் முதல் ஆல்பமாகச் சொல்லத் தயங்குகிறேன்.

பிடித்ததற்குக் காரணம் குரல். மார்வின் கே தனக்குத் தானே துணையாகப் பாடுகிறார். இரண்டு வெவ்வேறு பதிவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தயாரித்து வைத்திருந்தபோது, இரண்டும் தற்செயலாக ஒன்றாக ஒலித்திருக்கிறது. கேட்டவர் அதையே தன் பாணியாக்கிக்கொண்டார். ஒரு குரல் சொல்ல, இன்னொன்று அதே ஆளின் தொண்டையிலிருந்து ஆமோதிக்கும். கீழே ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் தாளத்தோடு நிற்காமல் பாட்டோடு பேசிக்கொண்டே போகும்.

அமெரிக்கா வியட்நாம் போரில் சிக்கியிருந்த காலம். மார்வினின் தம்பி அந்தப் போரிலிருந்து திரும்பியவர். 'ஃபோர் டாப்ஸ்' குழுவின் ரெனால்டோ பென்சன், போராட்டக்காரர்களைக் காவல்துறை அடித்ததைப் பார்த்து எழுதத் தொடங்கியதுதான் தலைப்புப் பாட்டு. மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் தலைவர் பெரி கோர்டிக்கு இது விற்காது என்ற எண்ணம். 1971 ஜனவரியில் தனிப்பாட்டாக வந்து ஓடோ ஓடென்று ஓடியபின், முழு ஆல்பம் எப்போது என்று கேட்டதும் அதே நிறுவனம்தான். மே மாதம் ஆல்பம் வந்தது. வாத்தியக்காரர்களின் பெயர்களை மோட்டவுன் அட்டையில் போட்டது இதில்தான் முதல் தடவை.

இனி தயக்கம். முதல் பக்கத்துப் பாட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று இடைவெளியின்றிக் கசிந்து போகின்றன. நடை ஒன்று, மனநிலை ஒன்று. வரிகளைக் கவனிக்காதவருக்கு இருபது நிமிடம் ஒரே பாட்டு ஓடியது போலத் தோன்றும். கேட்க இனிமைதான், ஆனால் "இதற்கா இவ்வளவு பெயர்?" என்று தோன்றினால் குற்றம் சொல்ல முடியாது. இரண்டாம் பக்கம் தொடங்கும் 'ரைட் ஆன்' ஏழரை நிமிடம். அங்கே நானே சில நாள் நழுவிவிடுவேன்.

வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவை கேட்டால் கதை மாறிவிடும். போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காத சிப்பாய், போதையில் விழுந்தவன், மீனில் பாதரசம், கட்ட முடியாத வரி, நடுநடுவே கடவுள். இவ்வளவு கசப்பை இவ்வளவு மென்மையாகச் சொன்ன வேறு ஆல்பம் நான் கேட்டதில்லை. 'மெர்சி மெர்சி மீ' சுற்றுச்சூழல் பற்றிய பாட்டு என்று தெரியாமலேயே அதைத் தாலாட்டு போலக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

வரிகளை வாசிக்கச் சோம்பல் இல்லாதவருக்கு, முப்பத்தைந்து நிமிடம் அமைதி கிடைப்பவருக்கு, இதுவே முதல் ஆல்பமாக இருக்கட்டும். சமையலறைப் பின்னணியில் ஓட விடுவதென்றால் இது வீணாகும்.

## டார்க் சைட்: பொறுமைக்குச் சம்பளம் உண்டு

இதயத் துடிப்பு, கடிகாரச் சத்தம், சிரிப்பு, அலறல். முதலில் வருவது இவைதான். முதல் பாட்டு வரி காதில் விழ இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. மூன்றாவது துண்டு 'ஆன் தி ரன்' முழுக்கச் சின்தசைசர் ஓட்டம், பாட்டே கிடையாது. அடுத்து 'டைம்' கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்துத் தூக்கிவாரிப் போடும். ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பழம்பொருள் கடையில் போய் ஒவ்வொரு கடிகாரமாகப் பதிந்து வந்தவை. அதன்பிறகும் பாட்டு வர இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். முதல் பத்து நிமிட அளவுகோலில் இந்த ஆல்பம் தோற்கிறது.

ஆனாலும் 1973 முதல் 1988 வரை அமெரிக்க ஆல்பங்களின் பில்போர்டு 200 பட்டியலில் 741 வாரம் நின்றிருக்கிறது. அத்தனை பேரும் இசை விற்பன்னர்களாக இருந்திருக்க முடியாது. எனக்கு வாசல் திறந்தது 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'. அதில் பாடப்படும் வார்த்தையே இல்லை. கிளேர் டோரி என்ற பாடகியை வரவழைத்து, சாவைப் பற்றியது, சொற்கள் வேண்டாம் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அவர் கதறுகிறார், கெஞ்சுகிறார், கடைசியில் அடங்குகிறார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது 30 பவுண்டு. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு வழக்குத் தொடுத்துத்தான் இசையமைப்பில் தன் பங்குக்குப் பெயர் வாங்கினார். ஆங்கில வரிகள் தடையாக இருக்கிறவர் இந்தப் பாட்டைத் தனியே ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு ஆல்பத்துக்குள் போகலாம்.

'மணி' ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிச்ர சாபு பழகிய காதுக்கு அந்த நொண்டி நடை அந்நியமாகப் படாது. கிதார் தனியாக எழும் இடத்தில் தாளம் நாலுக்கு மாறி, திரும்ப ஏழுக்கு வரும். அந்த மாற்றத்தை விரலில் போட்டுப் பார்ப்பது எனக்கு இன்னும் சலிக்காத விளையாட்டு.

இதில்தான் மறைமுகச் செலவு அதிகம். பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி இல்லை; செயலியில் இடைவெளியற்ற ஒலிப்பு வசதியை இயக்காவிட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விக்கல் விழும். விளம்பரத்தோடு வரும் இலவசச் சேவையில் இதைக் கேட்பதற்குக் கேட்காமலே இருக்கலாம். பின்னணிப் பேச்சுக் குரல்கள் கைபேசி ஒலிபெருக்கியில் காணாமல் போய்விடும். இன்னொரு பொறி: 2023இல், முன்பு பிங்க் ஃப்ளாய்டில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ் இதே ஆல்பத்தை முதிய குரலில், பெரும்பாலும் பேச்சாக, 'ரீடக்ஸ்' என்று புதிதாகச் செய்து வெளியிட்டார். தேடும்போது அது கண்ணில் படும். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக் கேட்கும் பழக்கம் உள்ளவர், படத்தின் பின்னணி இசையை ரசிப்பவர், முன்னிசை நீண்டாலும் பொறுக்கிறவர் இதை எடுக்கலாம். பயணத்தில் கேட்கிறவர் தள்ளிவைக்கலாம்.

## பெட் சவுண்ட்ஸ்: முதலில் வேண்டாம்

ரோலிங் ஸ்டோனின் அந்த மூன்று பட்டியலிலும் இரண்டாம் இடம். மெக்கார்ட்னி புகழ்ந்து தள்ளிய ஆல்பம். இருபத்து மூன்று வயது பிரையன் வில்சன், குழுவினர் கச்சேரிக்கு வெளிநாடு போயிருந்தபோது, லாஸ் ஏஞ்சலிஸின் கைதேர்ந்த வாத்தியக்காரர்களை வைத்து இசையைப் பதிந்து வைத்தார். மிதிவண்டி மணி, நாய்க் குரைப்பு, ரயில் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். இவ்வளவும் தெரிந்துகொண்டு போட்டால் என்ன ஆகும்? எனக்கு ஆனது: உச்சஸ்தாயியில் குரல்கள், சர்க்கரை, இன்னும் கொஞ்சம் சர்க்கரை, முடிந்தது.

வெளிவந்த காலத்திலேயே அமெரிக்காவில் இது பத்தாம் இடத்துக்கு மேல் போகவில்லை. பிரிட்டனில்தான் இரண்டாம் இடம் வரை ஏறியது. கடற்கரைப் பாட்டுகளை எதிர்பார்த்தவர்களுக்குத் தனிமைப் பாட்டுகள் கிடைத்தன. எந்தப் பாட்டும் மூன்றரை நிமிடத்தைத் தாண்டாது, ஆனால் ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காக ஒலி. ஒரு தடவையில் அவ்வளவும் காதில் நுழையாது.

எனக்குப் படிப்படியாகத்தான் திறந்தது, அதுவும் முழுதாக இல்லை. 'காட் ஒன்லி நோஸ்' மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாத பாட்டு. கடைசியில் குரல்கள் ஒன்றையொன்று துரத்திச் சுற்றும் இடத்தை நாள் முழுக்கக் கேட்கலாம். 'கேரலைன், நோ' அடுத்தது. மற்றவற்றை மதிக்கிறேன். நேசிக்கிறேன் என்று சொன்னால் பொய்.

எந்தப் பதிப்பு என்பது இங்கே உண்மையான கேள்வி. வில்சனுக்கு வலது காது கேட்காமல் இருந்தது. அவர் கலவை செய்தது மோனோவில், அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில். இடம், வலம் என்று ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் ஸ்டீரியோ கலவை 1997இல் வந்தது. தூய்மைவாதிகள் மோனோதான் என்பார்கள். ஹெட்போனில் முதல் தடவை கேட்கிறவருக்கு நான் ஸ்டீரியோவைத்தான் சொல்வேன். நெருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும் குரல்கள் அதில் கொஞ்சம் விலகி நின்று முகம் காட்டுகின்றன. பிடித்துவிட்டால் மோனோவுக்குப் போகலாம்.

## எதை எடுத்தாலும் வரும் செலவுகள்

'டீலக்ஸ்', 'ஆண்டு விழாப் பதிப்பு' என்று போட்டிருந்தால் கவனம். ஆல்பம் முடிந்ததும் ஒத்திகைப் பதிவுகளும் அரைகுறைப் பாட்டுகளும் மணிக்கணக்கில் தொடரும். முடிவு எங்கே என்றே தெரியாமல் போகும். முதல் தடவை கேட்கிறவருக்கு அது ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கெடுத்துவிடும். பாட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள்: த்ரில்லர் 9, ரூமர்ஸ் 11, அபி ரோடு 17, வாட்ஸ் கோயிங் ஆன் 9, டார்க் சைட் 10, பெட் சவுண்ட்ஸ் 13. அதோடு, ஆல்பம் முடிந்ததும் செயலி தானாக "இதுபோன்ற" பாட்டுகளைத் தொடர்வதையும் நிறுத்தி வையுங்கள்.

இசைத்தட்டும் அதைச் சுழற்றும் கருவியும் வாங்கித்தான் தொடங்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். மூன்று தடவை செயலியில் கேட்டபின்னும் அலுக்காத ஆல்பத்துக்கு அந்தச் செலவைச் செய்யலாம்.

## யாருக்கு எது

ஒன்றே ஒன்று சொல் என்று கேட்டால், ரூமர்ஸ். எனக்குப் பிடித்ததில் அது முதலிடம் அல்ல. ஆனால் வரி புரியாவிட்டாலும் ஓடும், புரிந்தால் ஆழமாகும், எங்கே கேட்டாலும் தாங்கும், பாதியில் நிறுத்தினாலும் கோபிக்காது. முதல் ஆல்பத்திடம் கேட்க வேண்டியது இதுதான்.

கையில் இருபத்துச் சொச்சம் நிமிடம் மட்டும் இருந்தால் அபி ரோட்டின் இரண்டாம் பக்கம். ஹெட்போனும் இருட்டறையும் கிடைத்தால் டார்க் சைட். வரிகளை வாசிக்கிறவர் என்றால் யோசிக்காமல் மார்வின் கே. வீட்டில் நாலு பேரோடு என்றால் த்ரில்லர். பெட் சவுண்ட்ஸை நாலைந்து ஆல்பம் தள்ளி வைத்துக்கொண்டு, இப்போதைக்கு 'காட் ஒன்லி நோஸ்' ஒன்றை மட்டும் வழக்கமான பிளேலிஸ்டில் சேர்த்துவிடுங்கள்.

முதலாவது பிடித்துப்போனால் அடுத்ததை எப்படிக் கோப்பது என்பதற்கும் ஒரு யோசனை. ரூமர்ஸுக்குப் பின் மார்வின் கே சரியாக அமையும். இரண்டிலும் மென்மையான மெட்டுக்கு அடியில் வலி ஓடுகிறது. டார்க் சைட் பிடித்தவர் அபி ரோட்டுக்குப் போகலாம். இரண்டும் பெரும்பாலும் லண்டனில் ஒரே கட்டடத்தில் பதிவானவை. டார்க் சைட்டின் ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ், 1969இல் அபி ரோடு பதிவில் உதவியாளராக இருந்தவர். த்ரில்லர் மட்டும் பிடித்து மற்றதெல்லாம் இழுவையாகத் தெரிந்தால், உங்களுக்கு வேண்டியது தனிப்பாட்டுகள்தான். ஆல்பங்களைப் பிடித்துத் தொங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.